ஊர்தி அமெச்சூர் வானொலி நிலையம்

ஊர்தி அமெச்சூர் வானொலி நிலையம் என்பது மகிழுந்து, ஜீப், வேன் போன்ற வாகனங்களில் பொருத்தப்பட்டு, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளரால் இயக்கப்படும் இருவழி வானொலி நிலையம் ஆகும். அமெச்சூர் வானொலி பொதுவழக்கில் ஹாம் வானொலி என அழைக்கப்படுகிறது. வீட்டில் அமைக்கப்படும் நிலையத்திற்கும் இதற்கும் கருவி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது, ஆன்டெனாவை எங்கு பொருத்துவது என்ற இரண்டு கேள்விகளே வேறுபடுகின்றன. ஊர்தி நிலையம் ஒன்றின் பயன் பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் முன்கூட்டியே காணப்படும் விடையைப் பொறுத்தது. இக்கட்டுரை காஞ்சிபுரம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்திட்டமிடலை விளக்குகிறது.

தேவை

கைபேசிச் சேவை கோபுரங்கள், அவற்றுக்கான மின்சாரம், கோபுரங்களை இணைக்கும் கம்பிவடங்கள் ஆகியவற்றை நம்பியுள்ளது. இவற்றுள் ஒன்று பழுதடைந்தாலும் சேவை நின்றுவிடலாம். அமெச்சூர் வானொலியில் இரண்டு நிலையங்கள் இடையில் எந்தக் கட்டமைப்பும் இன்றி நேரடியாகப் பேசிக்கொள்ள இயலும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று வேறொரு நோக்கத்திற்காக அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசித் தொடர்பு அற்றுப்போன நிலையில், அக்குழுவின் நிலையம் தீவுகளுக்கும் பெருநிலப்பரப்பிற்கும் இடையே செய்திகளைக் கொண்டுசென்றது.

2015 டிசம்பர் 1-2 தேதிகளில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் மின்சாரமும் கைபேசிச் சேவையும் பல இடங்களில் தடைப்பட்டன. இத்தகைய வேளையில் வீட்டு நிலையம் மின்சாரமின்றி முடங்கலாம், அல்லது வெள்ளத்தில் மூழ்கலாம். ஊர்தியோ மின்கலம், அதனை மின்னேற்றும் இயந்திரம், நகரும் திறன் ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்டுள்ளது.

உரிமம்

இந்தியாவில் அமெச்சூர் வானொலி நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறையின்கீழ் உள்ள கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்து வந்துள்ளது. 1978 ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் இதற்கு நீண்டகாலம் அடிப்படையாக அமைந்தன. தேர்வில் தேறியவர்களுக்குப் பொதுநிலை, வரையறுக்கப்பட்ட நிலை என இருவகை உரிமங்கள் வழங்கப்படுகின்றன. பொதுநிலையினரின் அழைப்புக்குறி வி.யு.2 என்றும், வரையறுக்கப்பட்ட நிலையினருடையது வி.யு.3 என்றும் தொடங்குவது வழக்கம்.

உரிமம் பொதுவாகக் குறிப்பிட்ட ஓர் இடத்திற்கு உரியது. எனவே ஊர்தியில் இயக்குவதற்கு அதற்கான அனுமதி உள்ளதா என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே குற்றமாகும். அமெச்சூர் அலைவரிசைகளில் வணிகச் செய்திகளுக்கு இடமில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் விலையைக் கடைக்குத் தெரிவிப்பது போன்ற எளிய செய்தியும் இத்தடைக்குள் அடங்கும்.

அலைவரிசைத் தேர்வு

இந்தியாவில் ஊர்தி நிலையங்களுக்கு ஏற்ற அலைவரிசைகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

* மிகை உயர் அதிர்வெண்: 144-146 மெகாஹெர்ட்ஸ் பட்டை. இது ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. ஊருக்குள்ளும் அண்டை ஊர்களுக்கும் ஏற்றது.
* உயர் அதிர்வெண் அல்லது சிற்றலை: 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் முதலிய பட்டைகள். இவை அயனி மண்டலத்தில் திரும்பி வருவதால் நெடுந்தொலைவு எட்டக்கூடியவை.

முதல் வகையின் எட்டும் தொலைவைக் கணக்கிட ஓர் எளிய முறை உண்டு. இரு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை கிடைக்கும். 2 மீட்டர் உயர ஆன்டெனா கொண்ட இரு ஊர்திகளுக்கு இது சுமார் 11.6 கி.மீ. ஆகும். கட்டிடங்களும் மரங்களும் இதனை மேலும் குறைக்கும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் நேர்கோட்டில் ஏறத்தாழ 14 கி.மீ., உத்திரமேரூர் ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ளன. ஆகவே இரு ஊர்திகள் மட்டும் இருந்தால் வாலாஜாபாத்துடன் கூடத் தொடர்பு உறுதியில்லை. காஞ்சிபுரத்தில் உயர்ந்த கட்டிடம் ஒன்றின் கூரையில் 20 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா அமைத்தால், ஊர்தியுடன் அதன் எல்லை சுமார் 24 கி.மீ. ஆக விரியும். வாலாஜாபாத் இதற்குள் வந்துவிடும். உத்திரமேரூர் விளிம்பில் நிற்கும். சுமார் 65 கி.மீ.க்கும் அப்பால் உள்ள சென்னைக்கு மறுபரப்பு நிலையம் எனப்படும் ரிப்பீட்டரோ, சிற்றலையோ தேவைப்படும். ரிப்பீட்டரும் மின்சாரத்தை நம்பியது என்பதால், இடர்க்காலத் திட்டத்தில் அதனை மட்டும் நம்புதல் கூடாது.

மின் வழங்கல்

மகிழுந்துகளில் 12 வோல்ட் மின்கலம் உள்ளது. இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். 50 வாட் திறனுள்ள கருவி ஒலிபரப்பும்போது 10 ஆம்பியர் அளவிலும், 100 வாட் சிற்றலைக் கருவி 20 முதல் 22 ஆம்பியர் வரையிலும் மின்னோட்டம் இழுக்கும். சிகரெட் பற்றவைப்பான் துளை இதற்குப் போதாது. மின்கலத்திலிருந்து நேரடியாகத் தனிக் கம்பிகள் இழுக்கப்பட வேண்டும்.

கம்பியின் தடிப்பு முக்கியமானது. கருவி 5 மீட்டர் தொலைவில் இருந்தால், சென்று திரும்பும் மொத்த நீளம் 10 மீட்டர். 4 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 22 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பு ஏற்படும். 10 சதுர மி.மீ. கம்பியில் இது 0.4 வோல்ட்டாகக் குறையும். மின்கலம் தளர்ந்திருக்கும் வேளையில் இந்த அரை வோல்ட்டே கருவி இயங்குமா, அணைந்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கலாம். ஃபியூஸ் மின்கலத்திற்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். கம்பி உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால் தீப்பற்றாமல் காப்பது அதுவே.

இயந்திரம் நிறுத்தப்பட்ட நிலையில் எவ்வளவு நேரம் இயக்கலாம் என்பதையும் கணக்கிட வேண்டும். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒலிபரப்பும், எஞ்சியது கேட்டலும் எனக் கொண்டால், 50 வாட் கருவியின் சராசரி மின்னோட்டம் சுமார் 2.4 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதியை வண்டியைக் கிளப்புவதற்கு ஒதுக்கினால், ஏறத்தாழ 7 மணி நேரம் கிடைக்கும். திறனை 10 வாட்டாகக் குறைத்தால் நேரம் ஏறக்குறைய இருமடங்காகும். எதிர்முனையில் குறிப்பலை ஓரளவே தாழும். எரிபொருள் கிடைக்காத வெள்ளக் காலத்தில் இந்தச் சிக்கனம் இன்றியமையாதது.

ஆன்டெனா

எளிய ஊர்தி ஆன்டெனா கால் அலைநீளக் கம்பி ஆகும். அதன் நீளத்தை மீட்டரில் அறிய, 75 ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு இது சுமார் 52 செ.மீ.; நடைமுறையில் சற்றே குறைவாக வெட்டப்படும். இரும்புத் தகட்டாலான கூரையின் நடுவே பொருத்தினால், கூரையே ஆன்டெனாவின் மறுபாதியாகச் செயல்பட்டு எல்லாத் திசைகளிலும் சீரான பரவலைத் தரும்.

7.1 மெகாஹெர்ட்ஸில் இதே கணக்கு 10.5 மீட்டருக்கு மேல் செல்கிறது. இதனை ஊர்தியில் நிறுத்த இயலாது. ஆகவே சுமார் 2.4 மீட்டர் கம்பியுடன் சுருள் ஒன்றைச் சேர்த்து ஒத்ததிரச் செய்வர். இதற்கு விலை உண்டு. இத்தகைய ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை 2 ஓம் அளவிலும், சுருளிலும் தரைத் தொடர்பிலும் ஏற்படும் இழப்புத் தடை 10 ஓம் அளவிலும் இருந்தால், 100 வாட்டில் சுமார் 17 வாட் மட்டுமே வானில் பரவும். எஞ்சியது வெப்பமாகும். கதவு, பானெட், புகைக்குழாய் ஆகியவற்றை அகன்ற செப்புப் பட்டைகளால் வண்டியின் உடலோடு பிணைப்பது தரைத் தொடர்பின் இழப்பைக் குறைக்க உதவும். பொருத்திய பின் நிலையலை விகிதத்தை அளந்து, 1.5 க்குக் கீழ் கொண்டுவருவது நல்லது.

இரைச்சல்

பெட்ரோல் இயந்திரத்தின் தீப்பொறி, ஆல்டர்னேட்டர், எரிபொருள் விசைக்குழாய், எல்.ஈ.டி. விளக்குகள் ஆகியன வானொலியில் இரைச்சலை உண்டாக்கும். இயந்திரத்தின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ஒலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. இயந்திரம் நின்ற பின்னும் தொடரும் இரைச்சல் வண்டிக்கு வெளியே, மின்மாற்றி போன்றவற்றிலிருந்தும் வரலாம். மூலத்தைக் கண்டறிந்த பின்னரே ஃபெரைட் வளையம், வடிகட்டி போன்றவற்றைப் பொருத்துதல் பயன்தரும்.

பொருத்துதலும் பாதுகாப்பும்

* கருவியும் கம்பிகளும் காற்றுப்பை விரியும் வழியில் இருத்தல் ஆகாது.
* கருவி இறுகப் பிணைக்கப்பட வேண்டும். மோதலின்போது தளர்ந்த கருவி எறிகல்லாக மாறும்.
* வண்டி ஓட்டுபவர் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தல் கூடாது. 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், ஓட்டும்போது கைத் தகவல்தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. இயக்குபவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்பதே பொருத்தமான முறை.
* பழைய குறுகிய தெருக்களில் மின்கம்பிகள் தாழ்ந்திருக்கலாம். நெடிய சிற்றலை ஆன்டெனாவை ஊருக்குள் நுழையுமுன் கழற்றிவிடுதல் வேண்டும்.
* இடி மின்னலின்போது ஆன்டெனாவைத் துண்டித்துவிட வேண்டும்.

நின்ற இடத்தில் இயக்கம்

இடர்க்காலத்தில் ஊர்தி பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றே பணியாற்றும். அப்போது சுருள் ஆன்டெனாவை விடுத்து, மொத்தம் 20 மீட்டர் நீளமுள்ள அரை அலைநீளக் கம்பியை இரு மரங்களுக்கிடையே 4 முதல் 6 மீட்டர் உயரத்தில் கட்டலாம். இவ்வளவு தாழ்வாகக் கட்டப்பட்ட கம்பி அலைகளை ஏறத்தாழ நேர் மேலே அனுப்பும். பகல் நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் அவை அயனி மண்டலத்தில் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னையை எட்ட இதுவே எளிய வழி. ஒரு கம்பிச் சுருளும் கயிறும் ஊர்தியில் எப்போதும் இருப்பது இதற்குப் போதும்.

பாலாறும் வேகவதியும் பெருகும் காலத்தில் கரையோரத்து ஊர்தி அனுப்பும் செய்தி சுருக்கமாக இருத்தல் வேண்டும். இடம், நேரம், சிக்கியோர் எண்ணிக்கை, தேவைப்படும் பொருள் என்ற நான்கையும் தாளில் எழுதி வாசித்து, எதிர்முனையில் திரும்பச் சொல்லக் கேட்டுச் சரிபார்ப்பது வழக்கம். கருவி பொருத்திய பின் மழையற்ற நாளில் வாலாஜாபாத், உத்திரமேரூர் சாலைகளில் ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் தொடர்பு கிடைக்கிறது, எங்கு அறுகிறது என வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வரும் நாளில் ஊர்தியை எங்கு நிறுத்துவது என்பதை அந்த வரைபடமே காட்டும்.