இந்தச் சனிக்கிழமை இரவு நம் வீட்டில் என்ன?

தோட்டத்தில் குடும்பம் ஒன்றுகூட நாள் குறிக்க வேண்டியிருந்ததில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் லயத்துக்குத் திரும்பினால், மாலையில் வாசற்படியே கூடமாகிவிடும். ஒரு பக்கம் அஞ்சாங்கல், இன்னொரு பக்கம் தாயம், நடுவில் கட்டங்காப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும். தகவல் இலாகாவின் வேன் வந்துவிட்டால் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். தோட்டமே பாயோடு போய் உட்காரும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. ரெம்பியா, கடேக், தெபோங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டிகள் பலர் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். மகனுக்குப் பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மருமகளுக்கு ஆயர் குரோவில் அலுவலகம். பேரப்பிள்ளைக்கு டியூஷன். யாருக்கும் யார் மீதும் கோபம் இல்லை. சேர்ந்து உட்கார ஒரு காரணம்தான் இல்லை.

அந்தக் காரணத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். மாதத்தில் இரண்டு இரவுகள் போதும். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தலைப்பு, அதற்கேற்ற விளையாட்டு, அதற்கேற்ற சாப்பாடு. இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் மார்மன் சபையினர் 1915-ஆம் ஆண்டிலேயே குடும்பத்துக்கென ஒரு மாலையை ஒதுக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள்.

“வாங்க, உட்கார்ந்து பேசலாம்” என்று கூப்பிட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை அறையை விட்டு வராது. “இன்றைக்கு நீதான் வானொலி அறிவிப்பாளர்” என்றால் வரும். தலைப்பு என்பது ஆளுக்கொரு வேலை கொடுப்பதற்காகத்தான். உங்கள் வீட்டில் செய்து பார்க்க நான்கு இரவுகள் இதோ.

1. தோட்டத்து இரவு

சாப்பாடு எளிது: அவித்த மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்த் துருவல், நெத்திலி சம்பல், கட்டங்காப்பி. பரிமாறும்போதே ஒரு கதையும் சொல்லலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் இந்தக் கிழங்குதான் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. பிள்ளைக்கு இது நொறுக்குத்தீனி. பாட்டியின் அம்மாவுக்கு அது மூன்று வேளைச் சோறு.

விளையாட்டுக்கு அஞ்சாங்கல். ஐந்து கூழாங்கற்கள் போதும். கல் இல்லையென்றால் சிறு துணிப்பைகளில் பச்சைப்பயற்றை நிரப்பித் தைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ரப்பர் மரம் இருந்தால் கொட்டைச் சண்டையும் வைக்கலாம். இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓங்கி அடிக்க வேண்டும். எந்தக் கொட்டை உடைகிறதோ அதன் சொந்தக்காரர் தோற்றார். ஒரு எச்சரிக்கை: பச்சை ரப்பர் கொட்டையில் நச்சு உண்டு. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் இந்த ஆட்டம் வேண்டாம்.

2. பல்லாங்குழி இரவு

பிள்ளைகள் பள்ளியில் சொங்காக் பார்த்திருப்பார்கள். பாட்டிக்குப் பல்லாங்குழி தெரியும். இரண்டும் அக்காள் தங்கை மாதிரி. இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழிகள், காயை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதும் ஒன்றுதான். சொங்காக்கில் இரு முனைகளிலும் பெரிய ‘வீடு’ உண்டு; குழிக்கு ஏழு காய் வீதம் வைத்தால் மொத்தம் 98. பல்லாங்குழியில் வீடு கிடையாது. ஜெயித்த காய் மடிக்குப் போகும். குழியில் நான்கு காய் சேர்ந்துவிட்டால் அது ‘பசு’, குழிக்காரர் அள்ளிக்கொள்ளலாம்.

முதல் ஆட்டம் பேத்தியின் விதிப்படி சொங்காக், இரண்டாவது பாட்டியின் விதிப்படி பல்லாங்குழி. ஒன்றில் பேத்தி ஆசிரியர், அடுத்ததில் பாட்டி ஆசிரியர். பலகை இல்லாவிட்டாலும் கவலையில்லை. சிறு கிண்ணங்கள் பதினான்கை இரண்டு வரிசையாக வையுங்கள். காய்க்குப் புளியங்கொட்டை, வீட்டுக்கு இரண்டு பெரிய கிண்ணம். முழங்கால் வலியுள்ளவர்களுக்காகத் தரையை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மாறுங்கள். சாப்பிட முறுக்கு, அவித்த கச்சான், கோரேங் பீசாங். ஆட்டத்துக்கு முன் கை துடைக்க ஒரு துண்டு மறக்க வேண்டாம்.

3. வானொலி இரவு

இந்நாட்டில் மலாயா வானொலி தொடங்கியது 1946-இல். வானொலி 6 என்று ஒரு தலைமுறை அழைத்ததைத்தான் அடுத்த தலைமுறை மின்னல் எஃப்.எம். என்கிறது. உங்கள் வீட்டுக்கும் ஒரு மணி நேர நிலையம் தொடங்குங்கள். நிலையத்துக்குப் பெயர் வைப்பது சின்னவர் வேலை. செய்தி வாசிப்பது அப்பா: இந்த வாரம் வீட்டில் நடந்தவை மட்டும். விளம்பரம் அம்மா. நேயர் விருப்பப் பாடல்களுக்கு மூத்தவன். சிறப்பு விருந்தினர் தாத்தா அல்லது பாட்டி. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் ‘நேயராக’ அழைக்கலாம்.

வானொலி அறிவிப்பாளராக இருப்பதால் பேட்டி எடுப்பவருக்கு மூன்று குறிப்புகள் சொல்ல முடியும். “தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று பெரிதாகக் கேட்காதீர்கள், “முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க?” என்று சின்னதாகக் கேளுங்கள். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். நல்ல கதை பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். பாட்டி ஆண்டைத் தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்து, தேதியோடு பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமியுங்கள். படங்கள் எல்லார் வீட்டிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாட்டியின் குரல் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இதில் இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டார்கள். அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா எங்கே வளர்ந்தார் என்பது போன்ற கேள்விகள். பதில் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் அதிகம் இருந்ததைக் கண்டார்கள்.

சாப்பாடு? இட்லியோ சாண்ட்விச்சோ வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு வேண்டாம். நீங்கள் கடிப்பது பதிவில் கேட்கும்!

4. மலாக்கா இரவு

இது புதிர்ப் போட்டி. வீட்டில் இரண்டு அணி, அணிக்கு ஒரு பெரியவர், ஒரு சிறியவர். தொடங்கி வைக்க நான்கு கேள்விகள்:

மலாக்காவைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றிய ஆண்டு? (1511)

ரெம்பியாவுக்கு அருகிலுள்ள தாபோ நானிங்கில் அடக்கமாகியிருக்கும், 1831-32-இல் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட தலைவர் யார்? (டோல் சைட்)

சுதந்திரம் பெறும் தேதியைத் துங்கு மலாக்காவில் அறிவித்தது எப்போது? (1956 பிப்ரவரி 20)

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த ஆண்டு? (2008)

இனிப்புக்குச் சவ்வரிசி குலா மெலாகா. சவ்வரிசியைக் கண்ணாடி போல் ஆகும்வரை வேகவைத்து, வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசி, கிண்ணங்களில் ஊற்றிக் குளிரவையுங்கள். மேலே குலா மெலாகா பாகும், ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தேங்காய்ப்பாலும். தென்னம்பாளையின் பதநீரிலிருந்து காய்ச்சிய வெல்லம்தான் குலா மெலாகா என்பதையும் ஒரு கேள்வியாக வைக்கலாம்.

சாப்பிடும்போது காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டி மக்களைப் பற்றிச் சொல்லுங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. ஆனாலும் போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போட்டு, குடும்பமாகச் சேர்ந்து உண்ணும் ‘பார்ச்சு’ வழக்கத்தை அவர்கள் விடவில்லை. பேச்சு மாறிய பிறகும் அவர்களைச் சேர்த்து வைத்திருப்பவற்றில் அந்தப் பந்தியும் ஒன்று. தமிழும் பந்தியும் இன்னும் நம் கையில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

சண்டை வராமலிருக்க

அம்மா அடுப்படியில், மற்றவர்கள் ஆட்டத்தில் என்றால் அது குடும்ப இரவு இல்லை. ஒரு குழம்பு, ஒரு பொரியலுக்கு மேல் சமைக்க வேண்டாம். தேங்காய் துருவுவது ஒருவர், பாத்திரம் கழுவுவது இன்னொருவர். அலுப்பான வாரத்தில் பசார் மாலாமில் ‘தப்பாவ்’ வாங்கினாலும் குற்றமில்லை.

கைப்பேசிகள் ஒரு கூடைக்குள். முதலில் போட வேண்டியது அப்பா.

தோற்றால் அழும் வயதுப் பிள்ளையைப் பெரியவரோடு ஜோடி சேருங்கள். பிள்ளைகள் நடுவில் ஆங்கிலமோ மலாயோ கலந்தால் திட்டாதீர்கள். பாட்டி தமிழில் விதி சொன்னால் சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். “இன்னும் ஒரு ஆட்டம்” என்று யாராவது கேட்கும்போதே எழுந்தால்தான் அடுத்த முறை எல்லாரும் வருவார்கள்.

ஷிப்ட் அட்டவணை கையில் இருக்கிறதா? நாள்காட்டியைப் பாருங்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் ஒரு நாளை வட்டமிடுங்கள். அது செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை. என்ன தலைப்பு என்பதை வீட்டில் கடைக்குட்டியைக் கேளுங்கள்.