தொல் சிலாவிய ‘வேதேத்தி’ வினை: தோற்றமும் வழித்தோன்றல்களும்

சிலாவிய மொழிகளின் வரலாற்றில் ‘அறிதல்’ என்னும் பொருளுடையதாக மீட்டுருவாக்கம் செய்யப்பட்டுள்ள *வேதேத்தி என்னும் வினை தனித்து ஆராயத்தக்கது. இதன் அடி, ‘காண்’ எனப் பொருள்படும் தொல் இந்தோ-ஐரோப்பிய *வெய்த் ஆகும். இவ்வடியின் நிறைவுநிலை வடிவமான *வொய்த, ‘கண்டுள்ளேன்’ என்னும் நிலையிலிருந்து ‘அறிவேன்’ என்னும் நிகழ்காலப் பொருளை எய்தியது. சமற்கிருத ‘வேத’, கிரேக்க ‘ஒய்த’, கோதிக் ‘வைத்’ ஆகியன அதன் வழிவந்தவை. ‘வேதம்’ எனத் தமிழில் வழங்கும் வடசொல்லும் இவ்வடியினதே. தமிழில் ‘தெரிதல்’ என்பது கண்ணுக்குப் புலனாதலையும் அறியப்படுதலையும் ஒருங்கே குறிப்பதோ பொருள்நிலை ஒப்புமை மட்டுமே. அதனை இனவுறவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

சிலாவியத்தில் ‘எய்’ என்னும் ஈருயிர் இகரமாகவும், ‘ஒய்’ என்பது ‘யாத்’ எனப்படும் நெட்டுயிராகவும் திரிந்தன. எனவே ஓரடியே ‘விதேத்தி’ (காணல்), ‘வேதேத்தி’ (அறிதல்) என இரு வினைகளாயிற்று.

பழைய திருச்சபைச் சிலாவியத்தில் ‘அறிவேன்’ என்பதற்கு ‘வேமி’ என்னும் வடிவமே பெருவழக்கு; அதனோடு ‘வேதே’ என்பதும் காணப்படுகிறது. இதன் ஈறு பண்டைய ஆத்மனேபத விகுதியிலிருந்து வந்ததெனப் பொதுவாக விளக்கப்படுகிறது. இந்தோ-ஐரோப்பிய நிறைவுநிலை வினைமுற்று சிலாவியத்தில் எஞ்சிய ஒரே சுவடு என்பதே இச்சிறு வடிவத்தின் மதிப்பு.

செக், போலிய, சுலோவேனிய மொழிகளில் இவ்வினை இன்றும் வழக்கிலுள்ளது. செக் மொழியில் ஒரு செய்தியை அறிதலுக்கு ‘வியெதெத்’, ஒருவரை அறிந்திருத்தலுக்கு ‘ஸ்நாத்’ என்னும் வேறுபாடு பேணப்படுகிறது. போலிய மொழியும் அவ்வாறே. உருசிய மொழியிலோ ‘ஸ்நாத்’ இரு பொருளையும் கவர்ந்துகொண்டது. இவ்வடியிற் பிறந்த ‘வேதத்’ நூல்வழக்காகச் சுருங்கி, ‘ஒரு துறையை மேற்பார்த்தல்’ என்னும் அலுவற்பொருளிலும் நிற்கிறது.

ஆயினும் வினை மங்கிய அம்மொழியிலேதான் ‘வேதே’ அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. கேட்போரும் அறிந்ததென ஒன்றைச் சுட்டும் ‘வெத்’ என்னும் உருசிய இடைச்சொல் அதன் திரிபே. ‘சொன்னேன்தானே’ என்பதிலுள்ள ‘தானே’ அதன் பணிக்கு அண்மையது. ‘அறிவேன்’ என்ற தன்மை வினைமுற்று, எண், இடம் ஆகியவற்றை இழந்து இடைச்சொல்லாயிற்று.

பெயர்ச்சொற்களுள் ‘வேத்மா’ (சூனியக்காரி) ‘அறிந்தவள்’ என்னும் பொருளடியாகப் பிறந்தது. மனச்சான்றைக் குறிக்கும் ‘சோவெஸ்த்’, கிரேக்கச் சொல்லொன்றை உறுப்புறுப்பாக மொழிபெயர்த்தது. மூலச்சொல்லிலும் இதே அடி பயில்வது வியப்புக்குரியது. ஆனால் கரடியைக் குறிக்கும் ‘மெத்வேத்’ என்பதை இக்குடும்பத்தில் சேர்த்தல் பிழையாகும். அது ‘மெது’ (தேன்), ‘ஏத்’ (உண்) என்பவற்றின் கூட்டு. அதன் பொருள் ‘தேனுண்ணி’ என்பதே.