94-லேயே நிற்கும் வேகம்

விநாடிக்கு 300 மெகாபிட் என்று சந்தா கட்டுகிறீர்கள். ரூட்டரிலிருந்து கேபிள் போட்ட கணினியில் வேகத்தைச் சோதித்தால் 94. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. இணைய நிறுவனத்திடம் சண்டைக்குப் போகுமுன் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். வெளியே நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். இப்படி ஓரிடத்தில் நிற்காது. 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பில், தரவுப் பொட்டலங்களின் முகவரிக்கும் இடைவெளிக்கும் போக, நம் கைக்கு வருவது ஏறக்குறைய 94தான். அப்படியென்றால், பெரும்பாலும் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேபிளைச் செருகியதும் கணினியும் ரூட்டரும் பேரம் பேசத் தொடங்கும். சுமார் 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, 17 முதல் 33 மின்துடிப்புகள் கொண்ட கொத்து ஒன்றை ஒவ்வொரு பக்கமும் அனுப்பும். ‘எனக்கு 10, 100, 1000 எல்லாம் வரும்’ என்பதுபோன்ற விவரம் அதில் 16 பிட்டுகளாக இருக்கும். இரு பக்கத்துக்கும் பொதுவான வேகங்களில் உயர்ந்தது முடிவாகும். ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ எனப்படும் இந்த ஏற்பாடு 1995-ல் ஈதர்நெட் தரநிலையில் சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பேரம் நடப்பது 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளில். 100 மெகாபிட்டுக்கு அவையே போதும். 1000-க்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ உள்ளே அறுந்திருந்தால், பேரம் 1000 என்று முடிந்தாலும் இணைப்பு உயிர்பெறாது. பல சில்லுகள் சில முறை முயன்றுவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையமும் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸில் ‘நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்’ பக்கத்தில் ஈதர்நெட்டை வலது கிளிக் செய்து ‘ஸ்டேட்டஸ்’ பாருங்கள். ‘ஸ்பீட்’ என்ற வரி உண்மையைச் சொல்லும். லினக்ஸில் ‘எத்டூல்’ கட்டளை வேகத்தோடு, போக்கும் வரவும் ஒரே நேரத்தில் நடக்கிறதா என்பதையும் காட்டும். அப்படி நடந்தால் ‘ஃபுல் டூப்ளெக்ஸ்’, மாறி மாறி நடந்தால் ‘ஹாஃப்’.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் வேகத்தை நாமே நிர்ணயிக்கவும் வழி உண்டு. அங்கேதான் பலர் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். ஒரு முனையில் மட்டும் ‘100, ஃபுல்’ என்று பூட்டினால் அந்த முனை பேரத்தை நிறுத்திவிடும். எதிர்முனை சமிக்ஞையைப் பார்த்து வேகத்தை ஊகித்துக்கொள்ளும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லை. அப்போது ‘ஹாஃப்’ என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒரு பக்கம் நினைத்தபோது அனுப்ப, மறுபக்கம் அதை மோதலாக எண்ணிப் பின்வாங்கும். ‘பிங்’ ஒழுங்காக வரும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் நத்தையாக ஊரும். தாமிரக் கம்பியில் கிகாபிட்டுக்குப் பேரமே கட்டாயம் என்பதால், அதைத் துண்டித்துவிட்டு 1000-ஐப் பெற முடியாது.

ஆகவே இரு முனையிலும் ‘ஆட்டோ’வே இருக்கட்டும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 100 என்றே காட்டினால் ரூட்டரின் விவரத்தாளைப் புரட்டுங்கள். விலை குறைந்த பல ரூட்டர்களின் போர்ட்டே 100-க்கு மேல் போகாது. கணினியில் எதை மாற்றினாலும் அது ஏறப்போவதில்லை.