பிரயாண காலத்தில் தேக சுகம்

கண்காட்சிகளுக்குத் துணி மூட்டையுடன் செல்லும் நெசவாளர்களும், பிற மாநிலப் பண்ணைகளைப் பார்வையிடச் செல்லும் விவசாயிகளும் நம் சங்கங்களில் பலர். வெளியூரில் பத்து நாள், பதினைந்து நாள் தங்கவும் நேரிடுகிறது. சரக்கைக் கட்டுவதில் நாம் காட்டும் கவனத்தில் பாதியையேனும் உடலைப் பேணுவதில் காட்ட வேண்டாமா? விற்பனை நாளன்று ஒருவர் நோயில் படுத்துவிட்டால், ஒரு பருவத்து உழைப்பின் பலன் வைத்தியச் செலவிலேயே கரைந்துவிடும்.

குடிநீர்

நம்முடையது வெப்ப நாடு. வெப்பத்தில் உணவு விரைவில் கெடுகிறது. கிருமிகள் விரைவில் பெருகுகின்றன. பிரயாணிகளைப் பெரும்பாலும் வீழ்த்துவது அசுத்தமான நீரும் ஆறிய உணவுமே. நீர் நன்கு கொதிக்கத் தொடங்கிய பின் 1 நிமிடமாவது கொதிக்க வைத்து அருந்துதல் நலம். புட்டியில் நீர் வாங்கினால் மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனிக்கட்டியில் கிருமிகள் மடிந்துவிடும் என்று எண்ணுவது தவறு. வெட்டி வைத்த பழங்களை விலக்கி, நாமே உரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு முதலியவற்றைக் கொள்ளலாம்.

1971 கற்பித்த பாடம்

இவ்வளவு கவனத்தையும் மீறி வயிற்றுப்போக்கு கண்டால் என்ன செய்வது? 1971ஆம் ஆண்டில், கிழக்கு வங்காளப் போரினால் இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்து குவிந்தார்கள். எல்லையருகேயுள்ள பன்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்பு நீர் போதவில்லை. அப்பொழுது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுகோஸ், சாதாரண உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளவாகப் பொட்டலங்கட்டி, நீரில் கரைத்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் வைக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை வாங்கிப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், மரணம் நூற்றுக்கு 4க்கும் குறைந்தது.

இதன் காரணம் எளிது. குடலில் உப்பும் குளுகோஸும் ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளைப்போல் சேர்ந்தே உள்ளே செல்கின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. நோயின்போதும் இவ்வழி அடைபடுவதில்லை.

தயாரிக்கும் முறை

மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் அதைக் கரைக்க வேண்டும். அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலை தட்டிய 6 கரண்டி சர்க்கரையும், அரைக் கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுதல் ஆபத்து, கண்ணீரைவிடக் கரிக்கலாகாது. 24 மணி நேரத்துக்குப்பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். நோயாளியைப் பட்டினி போடாமல் கஞ்சியும் மென்மையான சோறும் தருவது அவசியம். மலத்தில் இரத்தம், சிறுநீர் நின்றுபோதல், கண் குழி விழுதல், அருந்த இயலாமை ஆகியவை கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கொசுக்கள்

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் ஸிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில் கடிக்கும். டெங்குவைப் பரப்புவது பகலில் கடிக்கும். ஆகையால் இரவில் கொசுவலையும், பகலில் கை கால்களை மூடும் தளர்ந்த பருத்தி உடையும் வேண்டும். நாம் நெய்யும் துணியே நமக்குக் கவசமாகட்டும்! ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குப்பின் காய்ச்சல் வந்தாலும், சென்று வந்த இடங்களை வைத்தியரிடம் கூற வேண்டும். டெங்கு என்ற ஐயமிருப்பின் ஆஸ்பிரின் உட்கொள்ளலாகாது.

வெளியூர் செல்லும் ஒவ்வொரு குழுவின் மூட்டையிலும் சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், ஒரு தேக்கரண்டியும், கொசுவலைகளும் இடம்பெற வேண்டுமென்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்காகும் செலவு சொற்பம். பன்காவில் உறவினர்கள் நோயாளிகளுக்குப் புகட்டியதுபோல், உடன் செல்பவர்களில் ஒருவரேனும் இம்முறையை அறிந்திருந்தால் ஓர் உயிரைக் காக்கலாம். ஒருவருக்கொருவர் துணை நிற்பதுதானே கூட்டுறவு!