வாளிலிருந்து ஏருக்கு

நுழையும்முன்

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது மனித வரலாற்றில் புதியதன்று. வணிகர் சென்றனர், உழவர் சென்றனர், படைவீரரும் சென்றனர். தென்னிந்தியாவில் போரிட்ட ஒரு படைப்பிரிவு, பனி உறையும் கனடாவில் குடியேறிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆனேக்கல் வழியே சென்ற படை

பெங்களூருவின் பொம்மனஹள்ளி ஓசூர்ச் சாலையில் அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே இருப்பது ஆனேக்கல். 1799ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கிலேயத் தளபதி ஹாரிசின் பெரும்படை இராயக்கோட்டை, கெலமங்கலம், ஆனேக்கல் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்தது. திப்பு சுல்தானின் தலைநகரைக் கைப்பற்றுவதே அதன் நோக்கம்.

அப்படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் ஆங்கிலேய வீரர்களும் இருந்தனர். அவர்களோடு ‘மெரோன் படை’ என்னும் சுவிட்சர்லாந்துப் படைப்பிரிவும் நடந்தது. ஆங்கிலேயரும் அல்லாத, இந்தியரும் அல்லாத இவ்வீரர்கள் இங்கு வந்தது எப்படி?

கூலிப்படையின் தோற்றம்

அக்காலச் சுவிட்சர்லாந்தில் விளைநிலம் குறைவு. அதனால் இளைஞர் பலர் அயல்நாட்டு அரசுகளிடம் ஊதியத்துக்குப் படைத்தொழில் செய்தனர். நியூசாட்டல் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் தானியேல் தெ மெரோன் 1781இல் ஏறத்தாழ ஆயிரம் வீரர்களைத் திரட்டி, டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். படை முதலில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் பின்னர் இலங்கையிலும் காவல் புரிந்தது.

1795இல் பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. டச்சுக்காரர் வசமிருந்த இலங்கைத் துறைமுகங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று பிரிட்டன் அஞ்சியது. கொழும்புக் கோட்டையின் வலிமை மெரோன் படையில் இருந்தது. எனவே, பேராசிரியராகப் பணியாற்றிய ஹியூ கிளெக்கார்ன் என்பவரைப் பிரிட்டிஷ் அரசு நியூசாட்டலுக்கு அனுப்பியது. படையின் உரிமையாளரான மெரோன், தம் படையைப் பிரிட்டனின் பணிக்கு மாற்ற அதே ஆண்டில் உடன்பட்டார். டச்சுக்காரர் கொடுக்காமல் வைத்திருந்த ஊதிய நிலுவையும் பேச்சில் இடம்பெற்றது. இச்செய்தியைத் தாங்கிய மடல், பாலாடைக்கட்டி ஒன்றினுள் மறைத்துக் கொழும்புக்குள் அனுப்பப்பட்டதாகக் கூறுவர். படை விலகியபின் கொழும்பு நெடுநாள் தாங்கவில்லை; 1796 பிப்ரவரியில் பிரிட்டனிடம் சரணடைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் மாறியது, அதனோடு படையின் பற்றும் மாறியது. நேற்றுவரை டச்சுக் கொடியைக் காத்தவர்கள் மறுநாள் பிரிட்டிஷ் கொடியைக் காத்தனர். அதன்பின் இருபது ஆண்டுகள் அவர்கள் பிரிட்டிஷ் அரசருக்கே உழைத்தனர்.

காவிரிக் கரையில்

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை தாக்கப்பட்டது. தாக்குதலின் வலப்பக்க அணியை நடத்தியவர் கர்னல் செர்புரூக். மெரோன் படையின் ஒரு பகுதி தாக்குதலில் பங்கேற்றது. எஞ்சிய பகுதி ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ்ச் சேமப்படையாக நின்றது. திப்பு சுல்தான் அன்று போர்க்களத்திலேயே வீழ்ந்தார்.

மெரோன் படை 1806இல் இந்தியாவை விட்டுச் சென்றது. அதன் வீரர்கள் சிலர் திரும்பவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் உள்ள படையினர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் கல்லறைகளை இன்றும் காணலாம். அண்மைக் காலத்தில் மெரோன் மரபினரின் முயற்சியால் அத்தோட்டம் சீரமைக்கப்பட்டது.

பனிநாட்டில் நிலம்

இந்தியாவிலிருந்து சென்ற படை மால்டா முதலிய மத்தியதரைக்கடல் பகுதிகளில் பணியாற்றியது. புதிய வீரர்களும் அதிகாரிகளும் சேர்ந்தனர். செருமானியர், இத்தாலியர், போலந்து நாட்டவர் எனப் பலரும் அதில் கலந்தனர். 1813இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் நடந்த போருக்காகப் படை கனடாவுக்கு அனுப்பப்பட்டது. போர் முடிந்தபின், 1816இல் அது கலைக்கப்பட்டது.

வேலையிழந்த வீரர்களுக்கு அடுத்து என்ன வழி? அதற்கு அந்நாட்டில் ஒரு முன்மாதிரி இருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்றவர்கள் ‘அரசப் பற்றாளர்’ எனப்பட்டனர். 1783இல் போர் முடிந்ததும் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கனடாவுக்கு இடம்பெயர்ந்து, அரசு வழங்கிய நிலங்களில் குடியேறினர். அப்போரில் அரசப் பற்றாளர் படையொன்றை நடத்திய ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, பின்னர் மேல் கனடாவின் முதல் துணை ஆளுநரானார். படைப்பணிக்கு நிலம் கைம்மாறு என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியிருந்தது.

செல்கர்க் பிரபு செவ்வாற்றங்கரையில், இன்றைய வின்னிப்பெக் நகரம் உள்ள இடத்தில், ஒரு குடியேற்றத்தை நிறுவியிருந்தார். அதை மென்மயிர் வணிகம் செய்த எதிர்க் குழுமத்தினர் எதிர்த்தனர். 1816 சூன் மாதம் நடந்த மோதலில் குடியேற்றத்தின் ஆளுநர் உட்பட 21 பேர் மாண்டனர். செல்கர்க் ஏறத்தாழ நூறு மெரோன் வீரர்களைக் கூலியும் நிலமும் தருவதாகக் கூறி அழைத்துச் சென்றார். அவர்களை நடத்திய அதிகாரிகளுள் புரோத்தே தோர்சொனான் குறிப்பிடத்தக்கவர். 1817 சனவரியில், கடும்பனியில், அவருடைய சிறு அணி ஏணிகளைச் சாத்திக் கோட்டைச் சுவரில் ஏறி, டக்ளஸ் கோட்டையை மீட்டது. இப்பூசல் கனடாவின் அன்றைய ஆளுநர் முன் வந்தபோது, அப்பதவியில் இருந்தவர் ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலில் வலப்பக்க அணியை நடத்திய அதே செர்புரூக்!

நிலம் யாருடையது?

வீரர்களுக்கு வழங்கப்பட்ட நிலம் ஆளற்ற நிலமன்று. அங்கே ஒஜிப்வே, கிரீ மக்களும், ஐரோப்பியர்க்கும் தொல்குடியினர்க்கும் பிறந்த மெட்டி மக்களும் வாழ்ந்தனர். 1817 சூலை 18ஆம் நாள் செல்கர்க், பெக்விஸ் முதலிய ஐந்து தலைவர்களுடன் உடன்படிக்கை செய்தார். ஆற்றின் இருமருங்கும் இரண்டு மைல் அகல நிலத்துக்கு ஈடாக, இரு இனத்தார்க்கும் ஆண்டுதோறும் தலா 100 பவுண்டு புகையிலை தருவதாக அது கூறியது. நிலத்துக்கு உரிய விலை தரப்படவில்லை என்று பெக்விஸ் பிற்காலத்தில் முறையிட்டார். குடியேறியவருக்குப் பரிசாகத் தோன்றிய நிலம், அங்கு வாழ்ந்தவருக்கு இழப்பாக இருந்தது.

மெரோன் வீரர்களுக்கும் அந்நிலம் எளிதில் வசப்படவில்லை. போர் பழகிய கைகளுக்கு உழவு புதிது. வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தன. 1821இல் சுவிட்சர்லாந்துக் குடும்பங்கள் சில வந்து சேர, வீரர் பலர் மணம் செய்து இல்லறம் அமைத்தனர். ஆயினும் 1826இல் செவ்வாறு பெருகி வீடுகளை அடித்துச் சென்றது. பெரும்பாலோர் மனம் தளர்ந்து தெற்கே, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் புறப்பட்டனர். தோர்சொனானோ முன்னரே கியூபெக் பகுதிக்குத் திரும்பிக் குடும்பத்துடன் நிலைத்துவிட்டார். அவருடைய மகன் அங்கே மருத்துவரானார்.

மெரோன் குடியேற்றத்தின் நினைவு ஓர் ஊர்ப்பெயரில் எஞ்சியுள்ளது. குடியேறிய வீரர்களுள் செருமானிய மொழி பேசுவோர் பலர் இருந்தமையால், 1818இல் நிறுவப்பட்ட கத்தோலிக்க சமயநிலையத்துக்குச் செருமானியரின் திருத்தூதர் எனப் போற்றப்படும் பானிபேசின் பெயர் சூட்டப்பட்டது. இன்று வின்னிப்பெக் நகரின் பகுதியாகிய செயின்ட் பானிபேஸ் அதுவே.

பெங்களூருவின் வரலாறும் இதற்கு அயலானதன்று. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பிரிட்டிஷ் படை இங்கே மாற்றப்பட்டுத் தண்டு உருவானபோது, சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அவர்களைச் சார்ந்த தமிழ் வணிகரும் தொழிலாளரும் உடன் வந்தனர். அல்சூர் முதலிய இடங்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தலைமுறைகள் இங்கே உழைத்து, கன்னடமும் கற்று, அண்டை வீட்டாரோடு கலந்து வாழ்ந்ததால் அவர்கள் இவ்வூராராயினர்.

சொல்லும் பொருளும்

கைம்மாறு – செய்த உதவிக்குத் திரும்பச் செய்வது
சேமப்படை – தேவைக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட படை
தண்டு – படை தங்கியிருக்கும் இடம்
தொல்குடியினர் – ஒரு நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்பவர்
நிலுவை – கொடுக்கப்படாமல் நிற்கும் தொகை

சிந்தித்து எழுதுக

1. மெரோன் படை டச்சுக்காரரிடமிருந்து பிரிட்டனின் பணிக்கு மாறிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. 1817ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் செல்கர்க்கின் பார்வையிலும் பெக்விசின் பார்வையிலும் தனித்தனியே எழுதுக.
3. உம் குடும்பம் பெங்களூருவுக்கு வந்த வரலாற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.