தரைக்கு அடியில் ஒழுகும் தண்ணீர்: உடைக்கும் முன் கண்டுபிடிப்போம்



விலை நிலவரம், வரி, பாக்கி வசூல் என்று எழுத வேண்டிய பக்கத்தில் குழாய் ரிப்பேர் பற்றி எழுதுகிறார்களே என்று யாரும் எண்ண வேண்டாம். கடை கீழே, வீடு மேலே. அல்லது கடை முன்னால், வீடு பின்னால் என்றுதான் நம்மில் பலர் வாழ்கிறோம். இரண்டுக்கும் ஒரே தரை. அதன் அடியில் குழாய் ஒழுகினால் வீட்டுக்கும் கேடு, சரக்குக்கும் கேடு. எங்கள் விஷயத்தில் சரக்கைவிட மதிப்புள்ள ஒன்றும் கைவிட்டுப் போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

வேலூரில் உள்ள எங்கள் கிடங்கில் ஒரு கோடைக்காலத்தில் சர்க்கரை அடுக்கின் அடிவரிசை மூட்டைகள் ஈரம் பட்டுக் கட்டி பிடித்துவிட்டன. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. 22 ஆண்டுகளாக எங்களிடம் மூட்டை அடுக்கும் தொழிலாளி மீதுதான் எங்கள் சந்தேகம் போனது. "தரையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் போகிறாய்" என்று மற்றவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டோம். "பெருக்கத்தான் செய்றேன் முதலாளி, கழுவறதே இல்லீங்க" என்றார். நாங்கள் காதில் வாங்கவில்லை. இரண்டு மூட்டை விலையை அவர் கூலியில் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் அவர் ஒரு திருமணத்திற்காக ஊருக்குப் போயிருந்தார். அவர் இல்லாத அந்த நான்கு நாளில் மேலும் ஒன்பது மூட்டைகள் நனைந்தன. அப்போதுதான் குற்றவாளி தரைக்கு அடியில் இருக்கிறான் என்பது எங்களுக்கு உறைத்தது.

முதலில் வந்த பிளம்பர் கிடங்கின் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்றார். நல்லவேளையாக, கட்டிடத்தை அறிந்த வயதான மேஸ்திரி ஒருவரையும் அழைத்துக் கேட்டோம். "உடைக்கிறது கடைசி வேலை முதலாளி. முதல்ல ஒரு சாக்பீஸ் கொடுங்க" என்றார் அவர்.

சாக்பீஸ் சோதனை

இரவு கடை அடைத்த பிறகு மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் நின்ற மட்டத்தில் உட்சுவரில் ஒரு கோடு போட்டார். எங்கள் சிமெண்ட் தொட்டி ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் கொண்டது. அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர் போயிற்று என்று கணக்கு. எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. 30 லிட்டர்! ஒரு நாளைக்கு 90 லிட்டர் தரைக்கு அடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் இரவு தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வையும் மூடிவிட்டு அதே சோதனையைச் செய்தார். கோடு இருந்த இடத்திலேயே தண்ணீர் நின்றது. தொட்டியில் குறை இல்லை, இறங்கு குழாயில்தான் குறை என்று செலவில்லாமல் தெரிந்துவிட்டது.

நமது ஊர்களில் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

1. இறங்கு குழாய்: இதில் எந்நேரமும் தொட்டியின் அழுத்தம் இருப்பதால் ஈரம் குறையாமல் இருக்கும். சோதிக்கும் முன் கழிவறை பிளஷ் தொட்டியில் சிறிது சொட்டு நீலம் கலந்து பாருங்கள். பேசினில் நீலம் தெரிந்தால் ஒழுகுவது அந்த பிளஷ்தான்.

2. தரைத்தொட்டி: ஒரு குச்சியால் அளந்து வையுங்கள். மட்டம் இறங்கி ஓர் உயரத்தில் நின்றுவிட்டால், விரிசல் அந்த உயரத்தில் இருக்கிறது.

3. மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாய்: மோட்டார் ஓடும்போது மட்டும் ஒழுகும். தொட்டி நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனால் இதைச் சந்தேகிக்கலாம்.

4. நகராட்சிக் குழாய்: தண்ணீர் விடும் நாளில் மட்டும் தரை நனையும். நாள்காட்டியில் குறித்து வந்தால் ஒரு மாதத்தில் பிடிபடும்.

5. கழிவுநீர்க் குழாய்: புழங்கும்போது மட்டும் ஒழுகும், நாற்றமும் இருக்கும். போக்கு வாயைத் துணியால் இறுக அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு ஐயம் வரும். இது கசிவா, மண்ணிலிருந்து ஏறும் ஈரமா? இரண்டு அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் முத்து கோத்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேல்புறம் மட்டும் நனைந்தால் அது காற்றின் ஈரம். பல இடங்களில் இப்படி வைத்தால், ஒரே இடத்தில் மிகுந்திருப்பது கசிவு, பரவலாக இருப்பது மண் ஈரம் என்று பிரித்தறியலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நள்ளிரவில் தெரு அடங்கிய பிறகு ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக் கேட்டால் "உஸ்" என்ற ஓசை ஓரிடத்தில் கூடுதலாகக் கேட்கும். உலகெங்கும் குடிநீர் வாரியங்களின் ஆட்கள் இவ்வாறு கேட்டுத்தான் கசிவைப் பிடித்து வந்தார்கள். இன்று அதையே மின்னணுக் கருவிகள் செய்கின்றன. பிறகு கம்பியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்டால் அடிமண் அரித்துப் போயிருக்கிறது என்று பொருள்.

நம் பகுதிக்கு உரிய தொல்லை

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பதும், தோல் தொழிற்சாலையில் முதல் வேலையாக அந்த உப்பைக் கழுவி விடுவதும் இங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த உப்பெல்லாம் பல்லாண்டுகளாகப் பாலாற்று மண்ணில் இறங்கியது. 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் மக்கள் நல அமைப்பு வழக்கின் தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகாமல் போனதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. 2025 ஜனவரியிலும் பாலாறு பற்றி அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தொழில் நம் ஊர்களுக்குச் சோறு போடுகிறது, நம் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதில்தான் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் உப்பு நீர் இரும்பைத் தின்னும் என்பதையும் மறக்கக் கூடாது. தரைக்கு அடியில் உள்ள பழைய ஜி.ஐ. குழாய், உள்ளே போர் தண்ணீரின் உப்பாலும் வெளியே மண்ணின் உப்பாலும் இரு புறமும் அரிக்கப்படுகிறது. முதலில் போவது மரை வெட்டிய இடம்தான், ஏனெனில் அங்கே தடிமன் குறைவு.

இந்த உப்பே துப்பும் தருகிறது. ஆம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் உறவினர், நகராட்சிக் குழாய்தான் ஒழுகுகிறது என்று நம்பி 14 அடி நீளத்திற்குத் தரையைப் பெயர்த்தார். குழாய் காய்ந்த நிலையில் நன்றாக இருந்தது. பிறகு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரால் பள்ளத்தில் ஊறிய நீரைப் பார்த்தார். மேட்டூர் பக்கத்திலிருந்து வரும் காவிரித் தண்ணீரில் உப்பு குறைவு. அவர் வீட்டு போர் தண்ணீரில் மிக அதிகம். ஊற்று நீர் போர் தண்ணீரோடு ஒத்துப்போனது. போர் குழாயைச் சோதித்தார், அங்கேதான் ஓட்டை. ஆனால் ஊறிய நீர் மண்ணின் உப்பையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று முறை இறைத்துவிட்டு, புதிதாக ஊறுவதை அளக்க வேண்டும்.

இன்னும் ஓர் ஆபத்து. நகராட்சிக் குழாயில் தண்ணீர் நின்றதும் உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ஓட்டை வழியே சுற்றிலும் உள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். மஞ்சள் காமாலை, டைபாய்டு பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆகவே நகராட்சிக் குழாயில் கசிவு என்று தெரிந்தால் அன்றே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

சரிசெய்யும் முறை

எங்கள் கிடங்கில் இரண்டு அடிச் சதுரம் மட்டுமே உடைத்தோம். எல்போவின் மரை அரித்துப் போயிருந்தது. சுற்றிலும் மணல் கரைந்து ஒரு பானை அளவு குழி விழுந்திருந்தது. சைக்கிள் டியூப் சுற்றி மூடுவதை மேஸ்திரி ஒப்பவில்லை. ஒரு மரை போனால் அடுத்த மரையும் போகும் நிலையில் இருக்கும் என்றார். பழைய குழாயின் இரு முனைகளையும் அடைத்துக் கைவிட்டு, சுவர் ஓரமாகக் கண்ணுக்குத் தெரியும்படி சி.பி.வி.சி. குழாய் போட்டோம். இனி ஒழுகினால் அன்றே தெரியும்.

புதுக் குழாயில் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் நிறுத்தி, சாக்பீஸ் சோதனையில் தேறிய பிறகே குழியை மூடச் சொல்லுங்கள். குழியை மணலால் நிரப்பி, நீர் விட்டு, திமிசால் இடித்து, அதன் மேல் கான்கிரீட் போட வேண்டும். கலவைக்கும் நனைப்பதற்கும் போர் தண்ணீர் வேண்டாம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும்.

சரக்கு விஷயத்தில் மூன்று சொற்கள். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். கெட்டுப்போன சரக்கிற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி திருப்ப வேண்டும், கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். காப்பீட்டில் குழாய் வெடித்து நேரும் சேதம் பொதுவாக அடங்கும். மெல்லக் கசிந்த சேதத்தை ஏற்பார்களா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தொழிலாளி ஊரிலிருந்து திரும்பியதும் பிடித்த பணத்தைக் கொடுத்தோம். எல்லார் முன்னிலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னிலும் திரும்பப் பெற்றோம். "பரவாயில்லீங்க முதலாளி" என்றார். ஆனால் இன்றும் ஒவ்வொரு மூட்டையை அடுக்கும் முன்பும் தரையில் கை வைத்துப் பார்க்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. தரை நனைந்தால் ஆளைக் கேட்பதற்கு முன் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பதே நாங்கள் கற்ற பாடம்.

வரும் ஞாயிறு இரவு ஒரு சாக்பீஸ் எடுங்கள். தொட்டியில் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோடு வரை தண்ணீர் நின்றால் நிம்மதி. இறங்கியிருந்தால் சிறு செலவில் தப்பினோம் என்று மகிழுங்கள்.