கரைதல் மறைதல் அன்று

நுழையும்முன்

நீரில் இட்டதும் கரைந்துவிடும் சலவை வில்லை பார்வைக்கு எளிய பொருள். அதனை உருவாக்குவதோ எளிதன்று. கையில் எடுக்கும்வரை உடையாமலும், நீரைத் தொட்டதும் உடையவும் வேண்டும் என்னும் முரணுக்கு விடை காணும் கலை அது. கரைந்த பொருள் எங்கே செல்கிறது என்னும் வினாவையும் அது நம்முன் வைக்கிறது.

தொழில் தடத்தில் ஒரு வாளி நீர்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்களுக்கிடையே தொழிற்பூங்காக்கள் எழுந்திருப்பதைக் காண்பர். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் இத்தடத்தில் கார்களும் கைப்பேசிகளும் கண்ணாடிப் பலகைகளும் டயர்களும் உருவாகின்றன. பல மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இங்குச் சுழற்சி முறையில் பணிபுரிகின்றனர். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் அமைத்த, 18,720 பேர் தங்கத்தக்க தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது.

இவ்வளவு மக்கள் வாழும் தடத்தில் நாள்தோறும் எத்தனை சீருடைகள் துவைக்கப்படும் என எண்ணிப் பார்க்கலாம். பணி முடிந்து திரும்புபவர், அடுத்த பணிநேரத்திற்குள் துணியைத் துவைத்து உலர்த்தியாக வேண்டும். அவசரத்தில் சலவைத்தூளைக் கைபோன போக்கில் அள்ளிப் போடுவது இயல்பு. ஒரு வாளிக்கு ஒரு வில்லை என அளவு வரையறுக்கப்பட்டால் தூளும் வீணாகாது. அலசும் நீரும் மிச்சமாகும். ஆனால் அந்த அளவை வரையறுக்க வேண்டுமாயின், முதலில் நீரின் இயல்பை அறிய வேண்டும்.

கடின நீர் விழுங்கும் சோப்பு

மழைநீர் மென்மையானது. அது மண்ணிலும் பாறை இடுக்கிலும் ஊறிச் செல்லும்போது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடின நீராக இருப்பதற்கு இதுவே காரணம். அந்நீரில் பருப்பு எளிதில் வேகாது, கொதிகலத்தின் அடியில் வெண்படிவு கட்டும், சோப்பு நுரைக்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மையை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்புடையதாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவும் வகுத்துள்ளது.

லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உடைய நீரை 20 லிட்டர் வாளியில் நிரப்புவதாகக் கொள்வோம். அதிலுள்ள கடினத்தன்மை 6 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையானது. ஒவ்வொரு கால்சியம் அயனியும் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிணைத்து, நீரில் கரையாத பிசுக்காக மாற்றிவிடும். கணக்கிட்டால், அந்த ஒரு வாளி நீர் ஏறத்தாழ 37 கிராம் சோப்பை விழுங்கிவிடும். அதன் பிறகே மிஞ்சிய சோப்பு அழுக்கை நீக்கத் தொடங்கும். வெள்ளைத் துணி நாளடைவில் பழுப்பேறுவதற்கு இப்பிசுக்கும் ஒரு காரணமாகும்.

அதே 6 கிராம் கடினத்தன்மையை வீழ்படிவாக்க ஏறத்தாழ 6.4 கிராம் சலவைச் சோடா போதும். 37 கிராம் செய்யும் வேலையை அதில் ஆறில் ஒரு பங்குப் பொருள் செய்துவிடுகிறது. நீரை முதலில் மென்மையாக்கிவிட்டுப் பிறகு வெளுப்பதே அறிவுடைமை என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

களர்நிலக் கிணறு

இவ்வுண்மையைத் தமிழர் பட்டறிவால் அறிந்திருந்தனர். புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாடல், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரால் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண்ணைக் காட்டுகிறது. பயிருக்கு உதவாத களர்நிலத்தை வெளுப்பதற்கு ஏன் நாட வேண்டும்? களர்மண்ணில் சோடியம் கார்பனேட்டு மிகுதி. அது கால்சியத்தை மண்ணிலேயே வீழ்படிவாக்கிவிடுவதால், அங்கு ஊறும் நீர் சலவைக்கு ஏற்ற மென்னீராகிறது. பிற்காலத்தில் உவர்மண்ணைக் கரைத்துத் துணியில் ஏற்றி, வெள்ளாவி வைத்து வெளுத்த முறையும் இதன் தொடர்ச்சியே.

இன்று அப்பொருளைத் தொழிற்சாலைகள் செய்து தருகின்றன. தூத்துக்குடியில் உப்பைக் கொண்டு சலவைச் சோடா உருவாக்கும் ஆலை ஒன்று, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து அவ்வாக்கத்திற்கே பயன்படுத்திய செய்தி 2017இன் தொடக்கத்தில் உலகின் கவனத்தை ஈர்த்தது. திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் கண்ணாடி ஆலை போன்றவற்றில், மணல் குறைந்த வெப்பத்தில் உருகத் துணைபுரிவதும் சலவைச் சோடாவே. அழுக்கு நீக்கும் வேதிப்பொருளுக்கு மூலமான லீனியர் ஆல்கைல் பென்சீன் சென்னை மணலியில் உற்பத்தியாகிறது. ஆக, சலவை வில்லைக்குரிய அடிப்படைப் பொருள்கள் தமிழகத்துக்குப் புதியன அல்ல.

வில்லையின் முரண்

தூளை அச்சில் இட்டு அழுத்தினால் வில்லை கிடைக்கும். மெல்ல அழுத்தினால் பொட்டலத்திலேயே உதிர்ந்துவிடும். வலிந்து அழுத்தினால் துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகள் அடைபட்டு, நீர் உட்புக வழியில்லாமல் போகும். மேலைநாடுகளில் முதலில் வந்த சலவை வில்லைகள் விரைந்து கரையாமையால் நிலைபெறவில்லை. 1990களின் இறுதியில்தான் ஐரோப்பாவில் விரைந்து கரையும் வில்லைகள் பரவலாயின.

இன்னோர் இடரும் உண்டு. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால், வெளிப்புறம் வெந்து கட்டி தட்டும்; உள்ளே மாவு உலர்ந்தே இருக்கும். அழுக்கு நீக்கியும் அத்தகையதே. சிறிது நீர் பட்டதும் அது கூழ்போலக் குழைந்து நுண்துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் வெளியே சூழ்ந்திருக்க, வில்லையின் உட்பகுதி நனையாமலேயே கிடக்கும்.

இம்முரணைத் தீர்க்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, விரைந்து கரையும் உப்புகளைத் துணையாக்குவது. அழுக்கு நீக்கியைத் தனிக் குறுணைகளாக்கி, அவற்றிடையே எளிதில் கரையும் உப்புக் குறுணைகளை நிரப்புவர். உப்பு முதலில் கரைந்து வழிவிடும். அழுக்கு நீக்கிக் குறுணைகள் ஒன்றோடொன்று ஒட்டுமுன் பிரிந்து நீரில் கலந்துவிடும்.

இரண்டாவது, வீக்கத்தைப் பயன்படுத்துவது. பாறையில் வரிசையாகத் துளையிட்டு, உலர்ந்த மர ஆப்புகளை இறுக்கி, நீரூற்றிப் பாறையைப் பிளக்கும் பழைய கல்தச்சு முறையைப் பலரும் கேட்டிருப்பர். மரத்தை வீங்கச் செய்வது அதிலுள்ள செல்லுலோஸ். அதே செல்லுலோஸை நுண்ணிய குறுணைகளாக வில்லையில் கலப்பர். நீர் பட்டதும் ஒவ்வொரு குறுணையும் ஒரு சிறிய ஆப்பாகி, வில்லையை உள்ளிருந்தே பிளக்கிறது.

மூன்றாவது, பொங்குதல். சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் உலர்நிலையில் சேர்த்துவைத்தால் அவை அமைதியாக இருக்கும்; நீர் பட்டதும் கரியமில வாயுவை வெளியிட்டுப் பொங்கும். ஏறத்தாழ 2 கிராம் சிட்ரிக் அமிலமும் இரண்டரைக் கிராம் சமையல் சோடாவும் வினைபுரிந்தால் முக்கால் லிட்டர் அளவு வாயு உண்டாகும். அக்குமிழிகள் வில்லையைச் சிதறச் செய்து நீரையும் கலக்குகின்றன. எஞ்சும் சிட்ரேட்டு உப்பு கால்சியத்தைப் பற்றிக்கொண்டு நீரின் கடினத்தன்மையையும் குறைக்கிறது.

இவ்வழிகளுக்கெல்லாம் பகை காற்றின் ஈரம். சென்னையை ஒட்டிய பகுதியின் மழைக்காலக் காற்றில் திறந்து வைத்த பொங்கு வில்லை, வாளியைக் காணுமுன்னரே தன் ஆற்றலை இழந்துவிடும். ஈரம் புகாத உறையும், ஈரம் குறைந்த உற்பத்திக் கூடமும் இன்றியமையாதவை. கையால் துவைப்போரின் தோலைச் சலவைச் சோடாவின் காரம் அரிக்கும். ஆதலால் இயந்திரத்திற்குரிய வில்லையை வாளிக்கு அப்படியே பரிந்துரைக்க இயலாது. வாளி வில்லையில் சோடாவைக் குறைத்து, சிட்ரேட்டு போன்றவற்றைக் கூட்ட வேண்டும்.

மென்னீராக்கும் வில்லை

அழுக்கு நீக்கியே இல்லாமல், நீரை மென்மையாக்குவதற்கென்றே செய்யப்படும் வில்லைகளும் உள்ளன. இவற்றைச் சலவைத்தூளுடன் சேர்த்து இடும்போது, மென்னீருக்குரிய குறைந்த அளவுத் தூளே போதுமானதாகிறது. சோடா மட்டும் சேர்த்தால், வீழ்படிவான சுண்ணம் துணியில் படிந்து அதனை விறைக்கச் செய்யும். எனவே ஜியோலைட் என்னும் அலுமினியச் சிலிக்கேட்டு சேர்க்கப்படுகிறது. அதன் நுண்கூடுகள் ஒரு கால்சியம் அயனியை உள்வாங்கி, இரண்டு சோடியம் அயனிகளை வெளிவிடுகின்றன. படிகங்கள் வளராமல் தடுக்கும் பாலிகார்பாக்சிலேட்டுகளும் உடன் சேர்க்கப்படுவதுண்டு.

கரைந்தபின் எங்கே?

வில்லை கரைந்தது, துணி வெளுத்தது, நீர் சாக்கடையில் இறங்கியது. பொருளின் வரலாறு அங்கு முடிந்துவிடுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பரவிய அழுக்கு நீக்கிகளின் மூலக்கூறுகள் கிளைகள் மிகுந்தவை. நுண்ணுயிரிகளால் அவற்றை எளிதில் சிதைக்க இயலவில்லை. ஐரோப்பா, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. ஜெர்மனி 1961இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. கிளையற்ற நேர்ச்சங்கிலி மூலக்கூறுகள் 1960களில் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அடுத்து வந்தது பாஸ்பேட்டுச் சிக்கல். கால்சியத்தைப் பிணைப்பதில் வல்ல பாஸ்பேட்டு, நீர்நிலையை அடைந்தால் பாசிகளுக்கு உரமாகும். பாசி பெருகி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் இறக்கும். இதனாலேயே 1970களில் ஜியோலைட் மாற்றுப் பொருளாக முன்வந்தது. வீட்டுச் சலவைப் பொருள்களில் பாஸ்பரசின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் கடுமையாகக் குறைத்தது.

இச்செய்திகள் திருப்பெரும்புதூருக்கு அயலானவை அல்ல. அவ்வூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்வது. செம்பரம்பாக்கமோ சென்னையின் குடிநீர் ஏரிகளுள் ஒன்று. அதன் உபரிநீர் அடையாற்றில் கலந்து, பட்டினப்பாக்கத்தின் அருகே கடலை அடைகிறது. 2019ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெய்த மழைக்குப்பின், சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை நாள்கணக்கில் ஒதுங்கியது. சிறுவர்கள் அதில் விளையாடினர். தூய்மை செய்யப்படாத கழிவுநீரும் அதில் கலந்த சலவைப் பொருள்களும் அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டன.

ஆகவே நல்ல வில்லைக்குரிய சோதனைகள் இரண்டு. வாளியில் எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பது முதல் சோதனை. வாளிக்கு வெளியே எவ்வளவு எளிதாகச் சிதைகிறது என்பது இரண்டாம் சோதனை. முதல் சோதனையைத் துவைப்பவர் கண்ணால் காண்கிறார். இரண்டாவதைக் காண்பவை ஏரியும் ஆறும் கடலும். அவற்றால் குறை சொல்ல இயலாது; நுரைத்துக் காட்டவே இயலும்.

அளவறிந்து பயன்படுத்துதல், பாஸ்பேட்டு இல்லாத பொருளைத் தேர்தல், கழிவுநீரைத் தூய்மை செய்தபின் வெளியேற்றுதல் ஆகியவை துவைப்பவர், உற்பத்தியாளர், அரசு என மூவரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய கடமைகள். களர்நிலக் கிணற்றடியில் வெளுத்த சங்ககாலப் பெண் பயன்படுத்திய பொருள், அதே மண்ணிலிருந்து வந்து அதே மண்ணுக்குத் திரும்பியது. இன்றைய வேதியியல் தேடுவதும் அத்தகைய திரும்புதலைத்தான். நீரில் இட்ட வில்லை நம் கண்ணுக்கு மறைகிறது, நீருக்கு மறைவதில்லை.

கற்பவை கற்றபின்

1. ஒரே அளவு சோப்பு நீரை இரு பாட்டில்களில் எடுத்து, ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஊற்றிக் குலுக்குக. நுரையின் உயரத்தை அளந்து, வேறுபாட்டுக்கான காரணத்தை எழுதுக.

2. உங்கள் பகுதியின் கழிவுநீர் எந்த நீர்நிலையைச் சென்றடைகிறது என்பதைக் கேட்டறிந்து, அதன் வழியை வரைபடமாக்குக.

3. வெளுத்தல் தொழில் சார்ந்த சொற்களை உங்கள் ஊர் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, வகுப்பறையில் பகிர்க.